பாடகரின் முகமும் படைவீரனின் முகமும்: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் கௌரவத் தோற்றங்களும் ரசிகர் எதிர்வினையும்

1. கேள்வி

2017 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் எச்பிஓ நிறுவனம் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ஏழாம் சீசனைத் தொடங்கியது. ‘டிராகன்ஸ்டோன்’ என்ற அந்த முதல் அத்தியாயத்தில், ஆர்யா ஸ்டார்க் என்ற இளம்பெண் காட்டுவழியே தனியாகக் குதிரையில் வருகிறாள். பாட்டுச் சத்தம் கேட்டுத் திரும்புகிறாள். லானிஸ்டர் குலத்தின் படைவீரர்கள் சிலர் தீ மூட்டி அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் செம்பட்டைத் தலைமுடிக்காரன் ஒருவன் பாடிக்கொண்டிருக்கிறான். அவனாக நடித்தவர் எட் ஷீரன். அந்த ஆண்டில் உலகின் எந்தக் கடையில், எந்த வானொலியில் காது கொடுத்தாலும் கேட்ட குரலுக்குச் சொந்தக்காரர்.

சில நிமிடங்களே நீளும் அந்தக் காட்சி, தொடரின் வரலாற்றில் மிக அதிகமாகத் திட்டு வாங்கிய காட்சிகளுள் ஒன்றாயிற்று. கற்பனை உலகத்திலிருந்து தங்களைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டது என்பதே பெரும்பாலான ரசிகர்களின் முறையீடு. ஷீரனின் நடிப்பைச் சிலர் கேலி செய்தார்கள். அடுத்து அவர் கிதாரை எடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்ததாகச் சிலர் எழுதினார்கள். மகிழ்ந்தவர்களும் உண்டு, அவர்கள் குரல் செய்திகளில் அதிகம் ஏறவில்லை.

இதே தொடரில் அதற்கு முன்னும் பின்னும் புகழ்பெற்ற இசைக்கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும் தலைகாட்டியிருக்கிறார்கள். அவர்களில் எவருக்கும் இந்த வரவேற்பு கிடைக்கவில்லை. ஏன் இந்த ஒரு தோற்றம் மட்டும் உறுத்தியது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. கற்பனை உலகில் நிஜ முகம் நுழைந்தால் மாயை கலையும் என்ற பொதுவான விளக்கம் இந்தக் கேள்விக்குப் போதாது. அது உண்மையாக இருந்தால் மற்ற தோற்றங்களிலும் மாயை கலைந்திருக்க வேண்டும்.

2. சான்றுகளைப் பற்றி

ரசிகர் எதிர்வினை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2017இல் அந்தக் காட்சிக்கு எழுந்த எதிர்ப்பு பெரும்பாலும் ட்விட்டரில் எழுந்தது. பத்திரிகைகள் அங்கிருந்து சில பதிவுகளைத் திரட்டிக் கட்டுரையாக்கின; ‘எதிர்ப்பு அலை’ என்று தலைப்பிட்டன. அந்தத் தலைப்பைப் பார்த்து மேலும் பலர் எழுதினார்கள். பொறுமையாகப் பார்த்துவிட்டு உறங்கப் போனவர் எதையும் பதிவு செய்வதில்லை. ஆகவே கிடைக்கும் சான்று ஒரு பக்கம் சாய்ந்தது.

பார்வையாளர் எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது. அந்த முதல் அத்தியாயத்தை நேரடி ஒளிபரப்பில் சுமார் 1.01 கோடிப் பேர் பார்த்தார்கள். அன்றிரவின் மறுஒளிபரப்பையும் இணையவழிப் பார்வையையும் சேர்த்தால் சுமார் 1.61 கோடி. அந்த சீசனின் இறுதி அத்தியாயத்தின்போது நேரடிப் பார்வையாளர் மட்டுமே சுமார் 1.2 கோடியாக உயர்ந்திருந்தார்கள். எரிச்சலடைந்தவர்கள் தொடரை விட்டு விலகிவிடவில்லை. எரிச்சலோடு தொடர்ந்து பார்த்தார்கள். ரசிகர் என்ற சொல்லுக்குரியவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான்: கோபப்பட உரிமை உண்டென்று நம்பும் அளவுக்கு ஒன்றோடு ஒட்டிக்கொண்டவர்கள்.

இன்னொரு சான்றும் தவறாகவே படிக்கப்பட்டது. ஒளிபரப்பான மறுநாளே ஷீரனின் ட்விட்டர் கணக்கு சில மணிநேரம் காணாமல்போனது. ரசிகர்களின் வசைக்கு அஞ்சி ஓடிவிட்டார் என்று செய்தி பரவியது. ஆனால் ட்விட்டரின் கசப்பைத் தாங்க முடியாமல் அதைப் படிப்பதை நிறுத்திவிட்டதாக அவர் ஜூலை தொடக்கத்திலேயே ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் பேட்டியில் சொல்லியிருந்தார். ஜூன் இறுதியில் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் அவர் பாடியபோது பின்னணி ஒலிப்பதிவைப் பயன்படுத்தினார் என்று எழுந்த குற்றச்சாட்டும் அப்போது சூடாக இருந்தது. தொடரில் நடித்ததற்கும் ட்விட்டர் விலகலுக்கும் தொடர்பில்லை என்று பின்னர் அவரே இன்ஸ்டாகிராமில் விளக்கினார். இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்ததால் ஒன்றை மற்றொன்றின் விளைவாக்கிவிட்டார்கள். இந்த நிகழ்வைப் பற்றி எழுதப்பட்ட பலவற்றிலும் இந்தப் பிழை அப்படியே தங்கிவிட்டது.

3. முன்னால் வந்தவர்கள், பின்னால் வந்தவர்கள்

ஒப்பிட்டுப் பார்க்க இந்தத் தொடரே போதிய எடுத்துக்காட்டுகளைத் தருகிறது.

2013இல் மூன்றாம் சீசனில் ஸ்னோ பேட்ரோல் குழுவின் பாடகர் காரி லைட்பாடி, போல்டன் குலத்துப் படைவீரனாக வந்து பாடிக்கொண்டே நடந்தார். கைதிகளான ஜேமி லானிஸ்டரும் பெண் வீராங்கனை பிரியனும் அந்தக் காட்சியின் மையம். பாடுபவரை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதே சீசனில் ‘சிவப்புத் திருமணம்’ என்று ரசிகர்கள் அழைக்கும் படுகொலை விருந்தில், கோல்ட்ப்ளே குழுவின் தாளக்காரர் வில் சாம்பியன் இசைக்குழுவில் ஒருவராக அமர்ந்திருந்தார். அந்த அத்தியாயத்தைப் பார்த்தவர்கள் நினைவில் வைத்திருப்பது ஆர்யாவின் அண்ணன் ராப் ஸ்டார்க்கின் முகத்தையும் தாய் கேட்லினின் கடைசி அலறலையும்தான். சாம்பியன் அங்கிருந்தார் என்பதைப் பலர் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

2014 ஏப்ரலில் வந்த ‘தி லயன் அண்ட் தி ரோஸ்’ அத்தியாயம் இன்னும் கவனமாகப் பார்க்கத் தக்கது. மன்னன் ஜாஃப்ரியின் திருமண விருந்தில் ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழுவினர் அரண்மனை இசைஞர்களாக வந்து பாடுகிறார்கள். ஜாஃப்ரிக்குப் பொறுமை இல்லை. நாணயங்களை அவர்கள் மீது வீசி விரட்டுகிறான். அந்த அத்தியாயத்தை எழுதியவர் மூல நாவல்களின் ஆசிரியரான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். உலகம் முழுவதும் அரங்குகளை நிரப்பிய ஒரு குழு அங்கே ஒரு கொடுங்கோல் சிறுவனின் கூலியாட்களாகிவிடுகிறது. கதையின் அதிகாரம் புகழின் அதிகாரத்தை மிதித்துச் செல்கிறது. ஜாஃப்ரி எப்படிப்பட்டவன் என்பதையும் அதே நொடியில் காட்டிவிடுகிறது. பிரபலத்தைக் கதைக்குள் கொண்டுவர இதைவிட நேர்த்தியான வழியை இத்தொடரில் நான் காணவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாஸ்டடான் என்ற ஹெவி மெட்டல் குழுவினர் 2015இல் ‘ஹார்ட்ஹோம்’ போரில் காட்டுமனிதர் கூட்டத்தில் கலந்தார்கள்; செத்து, நடைபிணங்களாக எழுந்தார்கள். நியூயார்க் மெட்ஸ் அணியின் பந்தெறி வீரர் நோவா சிண்டர்கார்ட், 2017 ஆகஸ்டில் லானிஸ்டர் வீரனாக வந்து ஓர் ஈட்டியை எறிந்துவிட்டு மாண்டார். நாட்டுப்புற இசைப் பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டன் 2019இல் பிணங்களுக்கு நடுவிலிருந்து எழுந்தார். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆரன் ராட்ஜர்ஸ் அதே ஆண்டில் ‘தி பெல்ஸ்’ அத்தியாயத்தில் தோன்றுகிறார் என்று தெரிந்த பிறகும், எரியும் நகரத்தில் அவர் எந்த மனிதர் என்பதில் ரசிகர்களுக்குள் விவாதம் நடந்தது.

இவற்றில் பலவற்றுக்குப் பொதுவான கூறு ஒன்று உண்டு. தேடினால்தான் கிடைக்கும். அறிந்தவருக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. அறியாதவருக்கு எந்த இழப்பும் இல்லை. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் தம் படங்களில் தாமே தலைகாட்டும் வழக்கம் கொண்டவர். ரசிகர்கள் அவரைத் தேடுவதிலேயே முனைந்துவிடாமல் கதைக்குள் போகட்டும் என்று, பிற்காலத்தில் தம் தோற்றத்தைப் படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே முடித்துக்கொண்டதாக அவர் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுக்கு அளித்த நேர்காணலில் விளக்கியிருக்கிறார். கௌரவத் தோற்றம் கதையின் நேரத்தைத் திருடக் கூடாது என்பதை அவர் ஒரு தொழில் விதியாகவே வைத்திருந்தார்.

4. நம்பிக்கை உடைவது எங்கே

கற்பனையில் மனம் ஈடுபடுவதை விளக்க, அவநம்பிக்கையை நாமே விரும்பித் தள்ளிவைக்கிறோம் என்ற ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் 1817ஆம் ஆண்டுக் கருத்தை எல்லோரும் எடுத்தாள்வது வழக்கம். ஆனால் மாயாஜாலக் கதைகளைப் பொறுத்தவரை ஜே. ஆர். ஆர். டோல்கின் இதை மறுத்தார். 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்தி, 1947இல் விரிவாக அச்சிட்ட உரையில் ஒரு முக்கியமான வேறுபாட்டை நிறுவுகிறார். நல்ல கதைசொல்லி ஓர் இரண்டாம் உலகத்தைப் படைக்கிறார். அதன் விதிகளின்படி அங்கே நடப்பது உண்மை. உள்ளே இருக்கும்வரை நாம் அதை நம்புகிறோம். அவநம்பிக்கை எழும் கணத்தில் மந்திரம் உடைகிறது. அதற்குப் பிறகு நாம் வெளியே நின்று, சிரமப்பட்டு, மரியாதைக்காக நம்புவதுபோல் இருக்கிறோம்.

ஷீரன் காட்சியைப் பற்றிய முறையீடுகள் பெரும்பாலும் டோல்கின் சொன்ன இந்த இரண்டாம் நிலையையே விவரிக்கின்றன. ஆனால் இதோடு நிறுத்தினால் ஒரு சிக்கல் எழும். டயானா ரிக் 1960களிலேயே ‘தி அவெஞ்சர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரால் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். அவர் இந்தத் தொடரில் ஒலென்னா டைரல் என்ற பாத்திரமாக வந்தபோது எவருடைய மந்திரமும் உடையவில்லை. முதல் சீசனைத் தூக்கி நிறுத்தியதே ஷான் பீனின் புகழ். அதே ஷீரன் காட்சியில், தீயைச் சுற்றி அமர்ந்தவர்களில் ஒருவர் தாமஸ் டர்கூஸ். ‘திஸ் இஸ் இங்கிலாந்து’ படத்தின் வழியே பிரிட்டிஷ் ரசிகர்கள் நன்கு அறிந்தவர். அவரைப் பற்றி எந்தக் கூச்சலும் இல்லை. ஆக, தெரிந்த முகம் என்பது மட்டும் காரணமாக முடியாது.

திரைப்பட ஆய்வாளர் ரிச்சர்ட் டையர் 1979இல் எழுதிய ‘ஸ்டார்ஸ்’ நூல் இங்கே உதவுகிறது. ஒரு நட்சத்திரத்தின் பிம்பம் படங்களால் மட்டும் ஆனதன்று. விளம்பரம், செய்தி, பேட்டி, வதந்தி எல்லாம் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. அந்தப் பிம்பம் பாத்திரத்தோடு முழுமையாகப் பொருந்தலாம், சில கூறுகள் மட்டும் பயன்படலாம், முரண்டு பிடிக்கலாம். நடிகர்களின் பிம்பத்தில் வேறொருவராக மாறும் திறன் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ரிக் ஒலென்னாவாக மாறுவது அவர் புகழுக்குச் சேர்வதே தவிர முரணாவதில்லை. பாப் பாடகரின் புகழோ அவர் அவராகவே இருப்பதில் வேர்கொண்டது. ஷீரனின் ரசிகர்கள் நேசிப்பது ஒரு குறிப்பிட்ட குரலை, ஒரு குறிப்பிட்ட தலைமுடியை, எளிய மனிதராகக் கையில் கிதாரோடு தனியே நிற்கும் ஒரு குறிப்பிட்ட தோரணையை.

இப்போது காட்சி என்ன செய்தது என்று பார்க்கலாம். அவரை அறிமுகப்படுத்துவதே பாட்டின் வழியாக. முகம் தெரிவதற்கு முன் குரல் வருகிறது. அவர் பாடி முடிக்கும்வரை காமிரா அவர்மேல் தங்குகிறது. பாட்டு அழகாக இருக்கிறது என்று ஆர்யா பாராட்டுகிறாள். முன்பு கேட்டதில்லை என்கிறாள். புதுப் பாட்டு என்று அவர் பதில் சொல்கிறார். கதை நடக்கும் வெஸ்டரோஸ் கண்டத்தில் அந்த உரையாடல் இயல்பானது. ஆனால் 2017இல் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்த்தவர் காதில் அது ஒரு பாடகரின் புதிய வெளியீட்டைப் பற்றிய பேச்சாகவே விழுந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் அவருடைய ஆல்பம் வெளியாகியிருந்தது. அதன் 16 பாடல்களும் ஒரே வாரத்தில் பிரிட்டனின் முதல் 20 இடங்களுக்குள் நுழைந்திருந்தன. டையரின் சொற்களில் வைத்தால், செயலளவில் பொருத்தம் முழுமையாக இருந்தது: பாடகர் பாடினார். அந்த முழுமைதான் உலகத்தளவில் முரணாயிற்று. லைட்பாடியும் பாடத்தான் செய்தார். ஆனால் காமிரா அவருக்காகக் காத்திருக்கவில்லை, எவரும் அவரைப் பாராட்டவில்லை.

அத்தியாயத்தின் இயக்குநர் ஜெரமி போடெஸ்வா, ஷீரன் நன்றாகவே செய்தார் என்றும், அவர் யாரென்று அறியாதவர்களுக்கு அந்தக் காட்சியில் எந்த உறுத்தலும் இருந்திராது என்றும் ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். முதல் பாதியை நான் ஏற்கிறேன். ஷீரனின் நடிப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. இரண்டாம் பாதிதான் சிக்கல். அவர் யாரென்று அறியாதவர்கள் அந்த ஆண்டில் எத்தனை பேர்? போதாததற்கு, மார்ச் மாதமே டெக்சஸில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் தொடரின் படைப்பாளர்களான டேவிட் பெனியோஃபும் டி. பி. வைஸும் அவருடைய வருகையை அறிவித்துவிட்டார்கள். ஆர்யாவாக நடித்த மெய்சி வில்லியம்ஸ் ஷீரனின் தீவிர ரசிகை. அவருக்கு இன்ப அதிர்ச்சி தரப் பல ஆண்டுகளாக முயன்றோம் என்றார்கள். அன்பான நோக்கம். ஆனால் அந்த அறிவிப்புக்குப் பிறகு ரசிகர்கள் அந்த அத்தியாயத்துக்குள் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டே நுழைந்தார்கள். ஹிட்ச்காக் எதைத் தவிர்க்க முயன்றாரோ அது இங்கே நான்கு மாதம் முன்பே தொடங்கிவிட்டது.

5. பற்றாக்குறையும் ரசனையும்

காட்சிக்கு வெளியே இருந்த சூழலும் இந்த எதிர்வினையைக் கூர்மையாக்கியது. ஆறாம் சீசன் 2016 ஜூன் இறுதியில் முடிந்தது. வழக்கமாக ஏப்ரலையொட்டித் தொடங்கும் தொடர் ஓராண்டுக்கு மேல் காக்க வைத்தது. பத்து அத்தியாயங்கள் ஏழாகக் குறைக்கப்பட்டன. முடிவு நெருங்கிவிட்டது; இருக்கும் நேரமோ சிறிது. அப்படிப்பட்ட முதல் அத்தியாயத்தில் ஒரு பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட நிமிடங்களைத் தங்கள் கணக்கிலிருந்து எடுத்ததாகவே ரசிகர்கள் உணர்ந்தார்கள்.

அதைவிட ஆழமான கவலை ஒன்றும் இருந்தது. மார்ட்டினின் ஐந்தாம் நாவல் 2011இல் வெளியானது, ஆறாவது வரவில்லை. 2016 முதல் தொடர் நாவல்களைத் தாண்டிச் சென்றுவிட்டது. அதுவரை, எந்த நிகழ்வுக்கும் பின்னால் நூலாசிரியர் ஒருவரின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது என்ற நம்பிக்கை ரசிகர்களைத் தாங்கியது. அது போனபின், தொடரின் படைப்பாளர்கள் இந்த உலகத்தைத் தங்களைப் போலவே பொறுப்பாகக் கருதுகிறார்களா என்ற ஐயம் எழுந்தது. ஷீரனின் வருகை அந்த ஐயத்துக்கு ஒரு விடைபோல் தெரிந்தது. 2019 மே மாதம் எட்டாம் சீசனின் நான்காம் அத்தியாயத்தில் படப்பிடிப்புத் தளத்தின் காபிக் குவளை ஒன்று விருந்து மேசையில் அகற்றப்படாமல் இருந்ததைக் கண்டு ரசிகர்கள் கொதித்ததும் இதே உணர்வின் தொடர்ச்சி. குவளை தற்செயல், ஷீரன் திட்டமிட்ட தேர்வு. பார்ப்பவர் இரண்டிலும் படித்தது அக்கறைக் குறைவை.

நாவலைப் படித்த ரசிகர்களின் எதிர்வினை சற்று வேறாக இருந்தது. ஷீரன் பாடிய ‘ஹேண்ட்ஸ் ஆஃப் கோல்டு’ மார்ட்டினின் மூன்றாம் நாவலில், 2000ஆம் ஆண்டு வெளியான ‘எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்’ நூலில் இடம்பெறுவது. சிமோன் என்ற பாடகன், டிரியன் லானிஸ்டரின் இரகசியக் காதலைக் கண்டுபிடித்து, அவனை மிரட்டிக் காரியம் சாதிக்க அந்தப் பாட்டைக் கட்டுகிறான். டிரியன் அவனைத் தீர்த்துக்கட்ட ஏற்பாடு செய்கிறான். பின்னால், காதலி ஷேயை அவன் தங்கக் கைகள் கோத்த சங்கிலியால் நெரித்துக் கொல்லும் கணத்தில் பாட்டின் பொருள் கொடூரமாகத் திரும்புகிறது. தொடரில் சிமோனே இல்லை. ஷே 2014இலேயே இறந்துவிட்டாள். எனவே நாவல் வாசகர்களில் சிலர் அதை வேரறுந்த அலங்காரம் என்றார்கள். வேறு சிலர் ஜேமியின் தங்கக் கையை நினைத்து, அரசி செர்சியின் முடிவுக்கு அது ஒரு முன்குறிப்பு என்று வாதிட்டார்கள். இந்த இரண்டாம் வகையினர் பாடகரின் முகத்தைத் தாண்டிப் பாட்டைக் கேட்டவர்கள். ரசிகர் பண்பாட்டு ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 1992 முதல் எழுதிவரும், கிடைத்ததை வைத்துப் பொருள் கட்டிக்கொள்ளும் ரசிகர்கள் இவர்களே. எதிர்ப்பைப் பற்றிய செய்திகளில் இவர்களுக்கு இடமில்லாமல் போனது பெரிய குறை.

ரசனை பற்றிய ஒரு விளக்கத்தையும் எடை போட வேண்டும். சிகுர் ரோஸ், மாஸ்டடான் போன்ற குழுக்களின் இசை, இத்தகைய கற்பனை உலகின் இருளோடும் தொன்மத்தோடும் ஒத்துப்போவதாகக் கருதப்படுகிறது. அவர்களை ரசிப்பது ‘தீவிர’ ரசனை. ஷீரன் எல்லோருக்குமான பாப் பாடகர், இளம்பெண்களுக்குப் பிடித்தவர். அவரைக் கொண்டுவந்ததே ஓர் இளம் நடிகையின் விருப்பத்துக்காக. நாம் எதை வெறுக்கிறோம் என்பதிலும் நம் சமூக இடம் வெளிப்படுகிறது என்று சமூகவியலாளர் பியர் போர்தியூ 1979இல் ‘டிஸ்டிங்ஷன்’ நூலில் வாதிட்டார். ஏளனத்தில் ஒரு பகுதி இந்த ரசனைப் படிநிலையிலிருந்து வந்தது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் இது முழு விளக்கமாகாது. ஷீரனையே காதலிக்கும் ரசிகைகளும் அந்தக் காட்சியில் பார்த்தது ஷீரனைத்தானே தவிர லானிஸ்டர் வீரனை அல்ல. அவர்கள் மகிழ்ந்தார்கள், மற்றவர்கள் எரிச்சலடைந்தார்கள். உணர்ச்சி வேறாக இருந்தாலும் இரு தரப்புக்கும் நேர்ந்தது ஒன்றே: காட்சி கண்ணுக்குத் தெரியவில்லை.

6. கண்ணுக்குத் தெரியாமல் போன காட்சி

இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இது. அந்தக் காட்சி தொடரின் மிக மனிதநேயமான காட்சிகளுள் ஒன்று.

ஆர்யாவின் குடும்பத்தை அழித்த குலம் லானிஸ்டர். அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில் அவள், சிவப்புத் திருமணப் படுகொலையை நடத்திய வால்டர் ஃப்ரேயின் முகமூடியை அணிந்து, அவன் குலத்து ஆண்களுக்கு நஞ்சு கலந்த மது ஊற்றி ஒட்டுமொத்தமாகக் கொன்றுவிட்டு வந்திருக்கிறாள். வீரர்களின் கவசத்தைக் கண்டதும் அவள் கண் அவர்களுடைய வாள்களை நோக்கிப் போகிறது. பார்ப்பவரும் இன்னொரு கொலையை எதிர்பார்க்கிறார். ஆனால் அந்த இளைஞர்கள் அவளை அமரச் சொல்கிறார்கள். சுட்ட முயலில் முதல் பங்கைக் கொடுக்கிறார்கள். வீட்டில் வடித்த பழ மதுவைப் பகிர்கிறார்கள். ஒருவனுக்கு மீன்பிடிக்கும் தகப்பனின் நினைவு. இன்னொருவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது; ஆணா பெண்ணா என்று தெரியாது; பெண்ணாக இருக்கட்டும் என்கிறான், ஏனென்றால் பெண் தகப்பனைப் பார்த்துக்கொள்வாள், ஆண் பிள்ளை யாருடைய போருக்கோ போய்விடுவான். தான் அரசியைக் கொல்லப் போவதாக ஆர்யா உண்மையைச் சொல்கிறாள். அவர்கள் நகைச்சுவை என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். பழிவாங்குவதற்கென்றே வளர்ந்த பெண், தன் எதிரிகளுக்கும் வீடு உண்டு என்பதை அந்தச் சிரிப்பில் அறிகிறாள்.

மூன்று அத்தியாயங்கள் கழித்து, ‘தி ஸ்பாய்ல்ஸ் ஆஃப் வார்’ அத்தியாயத்தில், லானிஸ்டர்களின் எதிரியான டெனேரிஸின் டிராகன் அவர்களின் படையை வண்டிகளோடு எரித்துச் சாம்பலாக்குகிறது. ரசிகர்கள் பெரும்பாலும் ஆரவாரித்த காட்சி அது. அந்தத் தீயில் யார் வேகிறார்கள் என்று நமக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தது ஜூலை 16இன் தீயோரக் காட்சிதான். முயலைப் பகிர்ந்தவர்களைப் போன்றவர்களே வேகிறார்கள். இந்த இணைப்பை அறுத்தது எது? பாடகரின் நடிப்பு அறுக்கவில்லை. அந்தக் காட்சியின் ஒளி எவர்மேல் விழ வேண்டுமோ அவர்கள்மேல், பெயரற்ற படைவீரர்கள்மேல், விழாமல் போனதுதான் அறுத்தது. பெயரற்றவர்களைப் பற்றிய காட்சிக்கு உலகிலேயே மிகப் பெயர்பெற்ற ஒருவரைத் தேர்ந்தது, என் பார்வையில், அடிப்படையான கலைப் பிழை. சிகுர் ரோஸ் வந்த காட்சிக்குப் புகழ் தேவைப்பட்டது, அவமதிக்கப்படுவதற்காக. இந்தக் காட்சிக்குப் புகழின்மை தேவைப்பட்டது.

7. எடியின் இமைகள்

2019 ஏப்ரல் 14 அன்று எட்டாம் சீசனின் முதல் அத்தியாயம் வந்தது. கூலிப்படை வீரன் பிரானுடன் இருக்கும் விலைமாதர், போரிலிருந்து திரும்பியவர்களைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். எடி என்ற செம்பட்டைத் தலைமுடிப் பையன் முகம் வெந்து திரும்பியிருக்கிறான். அவனுக்கு இமைகளே இல்லை என்கிறார்கள். ஷீரனைப் பற்றிய குறிப்பு என்று ரசிகர்களுக்கு உடனே விளங்கியது. ஷீரனும் அதைச் சிரித்தபடி ஏற்றுக்கொண்டார்.

பலர் இதைப் படைப்பாளர்களின் பெருந்தன்மையாக, தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளும் பக்குவமாகப் பார்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2017இல் பாடகரின் புகழ் கதைக்குள் நுழைந்தது. ஆனாலும் வெஸ்டரோஸின் விதிகள் மாறவில்லை. அவர் அங்கே ஒரு பெயரற்ற வீரர். 2019இல் ரசிகரின் ஏளனமே கதைக்குள் நுழைந்தது. அந்த வீரனுக்குப் பெயர் கிடைத்தது, அதுவும் நடித்தவரின் பெயரிலிருந்து. அவனுடைய முடிவைத் தீர்மானித்தது கதையின் உள்நியாயம் அன்று. ட்விட்டரின் இரண்டாண்டுப் பழைய கோபம். டோல்கின் சொன்ன இரண்டாம் உலகம், தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை நோக்கித் திரும்பிப் பேசிவிட்டது. அளவில் அது ஓரிரு வரி. மீறலாக, முதல் தோற்றத்தைவிடப் பெரிது.

ரசிகர் எதிர்வினைக்குப் படைப்பாளர்கள் செவிசாய்க்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த எதிர்வினையில் இரண்டு தனித்தனிச் செய்திகள் இருந்தன. ஒன்று, எங்களுக்கு இவர் பிடிக்கவில்லை என்பது. மற்றொன்று, இந்த உலகத்தை நாங்கள் நம்ப விரும்புகிறோம், எங்கள் நம்பிக்கையைக் காப்பாற்றுங்கள் என்பது. இரைச்சலில் முதல் செய்திதான் மேலே மிதந்தது. பத்திரிகைகள் அதையே எடுத்துப் போட்டன. படைப்பாளர்கள் பதில் சொன்னதும் அதற்கே. எடிக்கு ஒரு தண்டனையைக் கொடுத்து ரசிகர்களைச் சிரிக்க வைத்தார்கள். பெண் குழந்தைக்கு ஆசைப்பட்டவனும் மீனவனின் மகனும் என்ன ஆனார்கள் என்று அந்த அறையில் எவரும் கேட்கவில்லை, தொடரும் சொல்லவில்லை. இரண்டாம் செய்தி சொல்லும் தேவையை அவர்கள் முன்பே உணர்ந்திருந்தால், ராட்ஜர்ஸை எரியும் நகரத்தின் கூட்டத்தில் கரைத்ததுபோல, எழுதத் தொடங்கும்போதே ஷீரனையும் பாட்டில்லாமல், முன்னறிவிப்பில்லாமல், தீயின் மறுபக்கத்தில் உட்கார வைத்திருக்க முடியும். மெய்சி வில்லியம்ஸுக்குத் தர நினைத்த இன்ப அதிர்ச்சி அதனால் குறைந்திருக்காது. படப்பிடிப்பில் ஷீரனின் அருகிலேயே இருந்தவர் அவர்.